காலை நாற்பது நிமிடம்

எனக்கு முடக்குவாதம் வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. வந்தது என்று சொல்வதே மரியாதைக்காகத்தான். வந்தவர்கள் என்றால் ஒருநாள் கிளம்ப வேண்டும். இது வந்து, சௌகரியமாகப் படுத்துக்கொண்டு, வீட்டுக்காரியை மூலையில் தள்ளிவிட்டது. காலையில் கண் விழிக்கும்போது பத்து விரலும் உள்ளங்கைக்குள் சுருண்டு கிடக்கும். முழங்கால் மடங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும். மாத்திரை உள்ளே போய் நாலைந்து மணி நேரம் ஆனால்தான் நான் மனுஷி. அதுவரை கட்டிலில் கிடக்கும் ஒரு சாமான்.

அந்தச் சாமானைத் தூக்கி நிறுத்த வாரத்தில் ஐந்து நாள், காலை ஏழு மணிக்கு, ஒருத்தி வருவாள். வீட்டுப் பராமரிப்பு அலுவலகம் அனுப்புகிற ஆள். உள்ளே நுழைந்ததும் போனில் ஒரு தட்டு தட்டுவாள். வெளியே போகும்போது இன்னொரு தட்டு. நடுவில் நாற்பது நிமிடம். அதற்குள் என்னைக் கழிப்பறைக்குக் கொண்டுபோய், குளிப்பாட்டி, உடுத்தி, தலை வாரி, ரொட்டியும் டீயும் கையில் கொடுத்து, மதியச் சாப்பாட்டை எனக்கு எட்டும் உயரத்தில் எடுத்துவைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. நான் நாற்பது என்றுதான் கூப்பிடுவேன். ஏன் என்று அவள் கேட்டதில்லை, கேட்க நேரமில்லை. சனி, ஞாயிறு வரமாட்டாள். அந்த இரண்டு நாளும் நோய்க்கு விடுமுறை என்று அலுவலகத்தில் எந்த மகானோ கண்டுபிடித்திருக்கிறார்.

கணவர் இல்லையா என்று கேட்பார்கள். நோய் வந்த மூன்றாம் வருடம் போய்விட்டார். மேலே போகவில்லை, இரண்டு தெரு தள்ளிப் போனார். பிள்ளைகள் கிடையாது. அண்ணன் ஒருவன் இருக்கிறான், பேருந்தில் இருபது நிமிடத் தூரத்தில். இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அண்ணியோடு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போவான். எனக்கு ஐம்பத்தொன்பது வயதாகிறது. இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவான். அந்தப் பாப்பாவைக் குளிப்பாட்ட மட்டும் வேறு ஆள் வேண்டும்.

நான் ஒன்றும் சும்மா இருந்தவள் இல்லை. சட்டைக் கம்பெனியில் இருபத்தாறு வருடம் செக்கிங் பிரிவில் இருந்தேன். ஒரு நாளைக்கு நானூறு சட்டை என் கை வழியாகப் போகும். தையல் விலகல், காலர் கோணல், பொத்தான் இளக்கம் எல்லாம் என் கண்ணுக்குத் தப்பாது. குறை கண்டுபிடித்துச் சீட்டு எழுதி ஒட்டுவதுதான் வேலை. வீட்டிலும் அதே வேலைதான் என்று கணவர் சொல்வார், போவதற்கு முன்னால்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் வருடா வருடம் ஒரு செக்கிங் வரும். என்னால் என்ன முடிகிறது, என்ன முடியவில்லை என்று பார்த்து, நாற்பது எத்தனை நாள் வரலாம் என்று முடிவு செய்ய. இந்த வருடம் போன் செய்த பெண்ணின் குரலில் தேன் சொட்டியது.

"மேடம், வர்ற வியாழக்கிழமை மதியம் மூணு மணிக்கு வரோம். குடும்பத்துல ஒருத்தர் கூட இருந்தா நல்லது."

"காலைல ஏழு மணிக்கு வாங்களேன். அப்பத்தான் எனக்கு ஒண்ணுமே முடியாது."

"ஆபீஸ் டைம் பத்து மணிக்கு மேலதான் மேடம்."

நோய் இரவு பகல் பார்க்காமல் உழைக்கிறது. அதைப் பார்க்க வருகிறவர்கள் மட்டும் பத்து மணிக்கு மேல்தான் உழைப்பார்கள். மூன்று மணி என்பது எனக்கு நாளிலேயே நல்ல நேரம். அப்போது விரல் கொஞ்சம் நீளும், வாயும் நீளும். ஒரு மனுஷியின் நோயைப் பார்க்க, அது தூங்கும் நேரமாகப் பார்த்து வருகிறார்கள்.

அண்ணனுக்குச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கே அண்ணி துடைப்பத்தோடு வந்து இறங்கினாள். பத்தொன்பது வருடத்தில் என் வீட்டுத் துடைப்பத்தை அவள் தொட்டதில்லை, அன்றைக்குச் சொந்தமாகவே ஒன்று கொண்டுவந்திருந்தாள். மேசை மேல் இருந்த மாத்திரை டப்பாக்களை டிராயருக்குள் தள்ளினாள். டயபர் பொட்டலத்தை அலமாரி உச்சியில் ஏற்றினாள். நான் பிடித்துக்கொண்டு நடக்கும் வாக்கரைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தினாள். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த கழிப்பறை நாற்காலியை என்ன செய்வது என்று கொஞ்ச நேரம் திகைத்து நின்றுவிட்டு, அதன் மேல் பூப்போட்ட விரிப்பைப் போர்த்தி, விரிப்பின் மேல் ஒரு பூச்சாடியையும் வைத்தாள்.

"அண்ணி, அவங்க அதையெல்லாம் பாக்கத்தான் வராங்க" என்றேன்.

"வர்றவங்க என்ன நினைப்பாங்க? நம்ம வீட்டுப் பொண்ணை இப்படிப் போட்டு வெச்சிருக்கோம்னு நினைக்க மாட்டாங்களா?"

நினைக்கட்டும் என்று சொல்ல வேண்டியதுதானே நான்? சொல்லவில்லை. பூச்சாடி அழகாகத்தான் இருந்தது. வீடு பளிச்சென்று இருந்ததைப் பார்க்க எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. அண்ணி எனக்கு இஸ்திரி போட்ட புடவை கட்டிவிட்டாள். கட்டி முடித்து, தள்ளி நின்று பார்த்துவிட்டு, "சாயந்திரம் போடுற மாத்திரையையும் இப்பவே போட்டுக்கோ. வெளியாள் முன்னாடி நிமிர்ந்து உக்காரணும்ல?" என்றாள். போட்டுக்கொண்டேன். என் முகத்தில் நானே காறித் துப்ப வேண்டிய நாட்கள் சில உண்டு. அந்த வரிசையில் அன்றைக்குத்தான் முதல் இடம்.

மூன்று மணிக்கு அலுவலகப் பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு தொடுதிரை டேப், முழுக்கை வெள்ளைச் சட்டை. என் கண் அவள் முகத்துக்குப் போகவில்லை, நேராக வலது கை மணிக்கட்டுக்குப் போனது. கஃப் பொத்தான் துளையிலிருந்து கழன்று, ஒரே ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. என் காலத்தில் இப்படி ஒரு சட்டை வெளியே போயிருந்தால் லைன் முழுவதையும் நிறுத்தியிருப்பேன்.

அவள் டேப்பைப் பார்த்துக் கேள்வி கேட்டாள். அண்ணன் என்னை முந்திக்கொண்டு பதில் சொன்னான். முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் படிவத்தில் மூக்கை நுழைத்தவன், சும்மா இருப்பானா?

"தானா எழுந்திரிக்க முடியுமா?"

"அதெல்லாம் எழுந்திரிப்பா. மனசுல தெம்பு உள்ளவ."

"குளிக்கறது?"

"எங்க பாப்பா சின்ன வயசுலேருந்தே ரொம்ப சுத்தம் மேடம்."

குளிக்க முடியுமா என்று கேட்டதற்கு இது பதில். அந்தப் பெண்ணும் அதை ஒரு பதிலாக மதித்து ஏதோ தட்டினாள். இரண்டு பேரும் சேர்ந்து என்னைச் சின்ன வயதில் குளிப்பாட்டி முடித்துவிட்டார்கள்.

"குடும்பத்துலேருந்து உதவி ஏதாவது கிடைக்குதா?"

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க? தினமும் வருவோம். நான் வருவேன், இல்லேன்னா இவ வருவா. கூடப் பொறந்தவளை அப்படியே விட்டுடுவோமா?"

அண்ணி ஆமாம் என்று தலையாட்டினாள். அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். இப்போது நான் வாயைத் திறந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வெளியாள் முன்னால் கூடப்பிறந்தவனை விட்டுக்கொடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அவன் என்னை எத்தனை தடவை கைவிட்டாலும் சரி, நான் அவனை விட்டுக்கொடுக்கக் கூடாதாம். இந்தச் சட்டத்தை எழுதினவர்கள் யார் என்று தெரியாது. நான் தலையை ஆட்டினேன்.

அடுத்து, "கைவிரல் வேலை எப்படி? பொத்தான் போட முடியுமா?" என்றாள்.

இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன். "முடியாது. ஒண்ணு கூட முடியாது. ஏழு வருஷமாச்சு."

அன்று பிற்பகல் முழுவதும் அந்த வீட்டில் பேசப்பட்ட உண்மை அது ஒன்றுதான். அதையும் நானே கெடுத்தேன்.

அவள் எல்லாம் முடித்து, டேப்பை மூடி, எழுந்திருக்கும்போது அந்தப் பொத்தான் நாற்காலிக் கையில் உரசி ஆடியது. கால் மணி நேரமாக அது ஆடுவதைப் பார்த்துப் பார்த்து எனக்குள் நமைச்சல் ஏறிப்போயிருந்தது. அவள் தெருவில் போய் விழுந்தாள் என்றால்கூடக் கவலைப்பட்டிருக்க மாட்டேன். அந்தப் பொத்தான் விழுந்தால் பொறுக்க முடியாது.

"கையைக் கொடும்மா" என்றேன்.

கொடுத்தாள். தொங்கிய நூலைப் பொத்தானின் அடியில் மூன்று சுற்று சுற்றினேன், நுனியை உள்ளே செருகினேன், பொத்தானைத் துளைக்குள் தள்ளி நிமிர்த்தினேன். இருபத்தாறு வருடப் பழக்கமும் இரண்டு மாத்திரையும் சேர்ந்து செய்த வேலை. எலும்புக்குள் ஊசி இறங்கியது, முகத்தில் காட்டவில்லை. "இப்ப பரவால்ல. வீட்டுக்குப் போய் தைச்சுடு" என்றேன். பெருமையாக வேறு இருந்தது.

"ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றாள். அதுவரை மேடமாக இருந்தவள் ஆன்ட்டி ஆனேன். வாசலில் நின்று டேப்பைத் திறந்து மறுபடியும் ஏதோ தட்டிவிட்டுப் போனாள்.

அன்று மாலையே விரல்கள் வீங்கிவிட்டன. இரண்டு நாளைக்கு டீ கோப்பையைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. நாற்பது பிரித்து, என் முதுகைத் தேய்த்துக்கொண்டே படித்தாள். "கைவிரல் நுண்செயல்: நன்று. ஆதாரம்: நேரில் கண்டது. குடும்ப உதவி: தினமும். எனவே காலை வருகை வாரத்துக்கு ஐந்து நாளிலிருந்து இரண்டு நாளாகக் குறைக்கப்படுகிறது." செவ்வாயும் வெள்ளியும் மட்டும்.

தேய்த்த கை நின்றது. "நேரில் கண்டதா? என்னத்தைக்கா கண்டாங்க?"

சொன்னேன்.

"அக்கா! அவ பொத்தான் போனா உங்களுக்கு என்ன? உங்களை யாரு அதைத் தொடச் சொன்னது?" நாற்பதுக்கு இவ்வளவு கோபம் வரும் என்று எனக்குத் தெரியாது. "தினமும் வராங்கன்னு எழுதியிருக்கே, அது யாரு? நான் நாலு வருஷமா வரேன். ஒருநாள்கூட ஒருத்தர் மூஞ்சியையும் பாத்ததில்ல."

"என் அண்ணன்."

"அதுதான் கழுத்தை அறுத்திருக்கு. பொத்தானைக்கூட அன்னிக்கு நல்லாயிருந்துச்சுன்னு சொல்லிச் சமாளிக்கலாம். குடும்ப உதவின்னு எழுதிட்டா அவ்வளவுதான். அந்த நாளையெல்லாம் கழிச்சுக்கிட்டுத்தான் ஆள் அனுப்புவாங்க. நான் போற இன்னொரு வீட்டுல மருமக ஞாயித்துக்கிழமை மட்டும் வந்து தலைக்கு ஊத்திவிட்டா. பக்கத்து வீட்டுல விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டு, வாரத்துல ரெண்டு நாளை வெட்டிட்டாங்க. மருமக மூணு மாசத்துல வர்றதை நிறுத்திட்டா. வெட்டுன நாள் இன்னும் வரல." போனைப் பார்த்துவிட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். "மேல்முறையீடு போடுங்க. இருபத்தோரு நாள் இருக்கு. ஃபாரம் நான் கொண்டாந்து தரேன். ஆனா குடும்ப உதவிங்கிற பக்கத்தை உங்க அண்ணன்தான் அவர் கையால எழுதிக் கையெழுத்துப் போடணும்."

அடுத்த திங்கட்கிழமை நாற்பது வரவில்லை. மாத்திரையையும் தண்ணீரையும் முன்தினமே தலைமாட்டில் வைத்திருந்தேன், ஸ்ட்ரா போட்டு. ஐந்து மணிக்கு உறிஞ்சி விழுங்கினேன். ஆறரைக்குச் சிறுநீர் முட்டியது. கழிப்பறை நாற்காலி இரண்டு முழத் தூரத்தில் இருந்தது. இரண்டு முழம்! சனி, ஞாயிறுக்கு டயபர் இருக்கும். அலுவலகத்தில் வாரத்துக்கு இரண்டுதான் கொடுப்பார்கள். முந்தின நாளோடு தீர்ந்துவிட்டது. ஏழு மணி வரை கூரையைப் பார்த்துக்கொண்டு அந்த அலுவலகத்தின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டு பல்லைக் கடித்தேன். ஏழு ஐந்துக்கு எல்லாம் முடிந்துவிட்டது. அந்த ஈரத்திலேயே ஒன்பதரை வரை கிடந்தேன், எழுந்து உட்கார உடம்பு அனுமதி தரும் வரை. அழுதேனா என்றால் அழுதேன். துடைக்கக் கை வராதபோது கண்ணீர் காதுக்குள் போகும். அது கண்ணீரைவிட எரிச்சலான விஷயம்.

புதன், வியாழனும் அதே கதை. வெள்ளிக்கிழமை நாற்பது என்னைப் புரட்டி, முதுகின் அடியில் ஓரிடத்தை விரலால் தொட்டாள், எரிந்தது.

"புண்ணா?"

"ஆரம்பம்தான்கா. இன்னும் ரெண்டு வாரம் இப்படிப் போச்சுன்னா ஆஸ்பத்திரிதான். ஆஸ்பத்திரிக்குப் போனா அங்கேருந்து இந்த வீட்டுக்குத் திரும்ப விட மாட்டாங்க, ஏதாவது இல்லத்துல போட்டுடுவாங்க. சீக்கிரம் எழுதச் சொல்லுங்க."

அண்ணனுக்குப் போன் செய்தேன். கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "நன்றுன்னு போட்டிருக்காங்களே பாப்பா, நல்ல விஷயம்தானே?" என்றான். போனை வைத்துவிட்டேன். கோபம் தணிய இரண்டு நாள் ஆனது. மறுபடி செய்தேன்.

"நீ தினமும் வரலைன்னு எழுதிக் கொடு."

"அதெப்படி? நானே வாயால சொன்னதை நானே மாத்தி எழுதறதா? முப்பத்தஞ்சு வருஷம் எத்தனை பேரோட பொய்யைப் பிடிச்சவன் நான். கடைசில என் பேர்லயே ஒரு ஃபைல்ல பொய்யன்னு இருக்கணுமா? யோசிச்சுப் பேசு."

"சரி. எழுத வேண்டாம். சொன்னதை உண்மையாக்கிடு. நாளைக்குப் புதன்கிழமை, ஆள் வராது. காலைல ஏழு மணிக்கு வா. சாவி உங்கிட்ட இருக்கு."

"உங்க அண்ணி..."

"அண்ணி வேண்டாம். நீ வா."

ஏழு இருபதுக்கு வந்தான். பவுடர் வாசனை முதலில் வந்தது, பின்னால் அவன் வந்தான். அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டான். நான் ஈரத்தில் கிடந்தேன். அந்த வாடையும், சுருண்ட கையும், கலைந்த தலையும், அவன் பார்த்ததே இல்லை. அவன் வரும்போதெல்லாம் நான் மாத்திரை போட்டு, உடுத்தி, உட்கார்ந்திருப்பேன். அவனுக்காகவும்தான் இத்தனை வருடம் வேஷம் கட்டியிருக்கிறேன்.

"என்ன பாப்பா இது?" என்றான்.

"இதுதான் நீ தினமும் வந்து பாத்துக்கறது. தூக்கு."

முழங்கையைப் பிடித்துத் தூக்கினான். முழங்கையைப் பிடிக்கவே கூடாது. நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. பதறிப்போய்க் கையை விட்டான், விழுந்தேன், நல்லவேளை கட்டிலில். அப்புறம் முதுகுக்குக் கீழே கை கொடுக்கச் சொன்னேன். இரண்டு முழத்தைக் கடக்க இருபது நிமிடம் ஆனது. என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. நனைந்த துணியை இரண்டு விரலால் எடுத்தான். சுடுதண்ணீர் எங்கே, துண்டு எங்கே, நைட்டி எங்கே என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டான். நைட்டிக்குள் என் கையை நுழைக்கும்போது புண் இருக்கும் இடத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு மேல் எல்லாவற்றையும் அவனாகவே தேடி எடுத்தான். நாற்பது வந்து நாற்பது நிமிடத்தில் செய்வதை முடிக்க அவனுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. தலை வாரவில்லை, ரொட்டி கருகிவிட்டது. வேறு நாளாக இருந்தால் ஒரு மாதத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

ஒன்பதேகாலுக்கு அவனாகவே மேசையில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தான். "சொல்லு. எழுதறேன்."

குறைச் சீட்டு எழுதுகிற மாதிரிதான் சொன்னேன். எங்கள் கம்பெனியில் சீட்டில் வருத்தம் எழுதக் கூடாது, அழகு பண்ணக் கூடாது. எந்த இடம், என்ன குறை, எவ்வளவு. அவ்வளவுதான்.

"காலை அஞ்சு மணி. விரல் பத்தும் மடங்கியிருக்கும். நீட்ட முடியாது. ஆறரை. கழிப்பறைக்குப் போகணும். போக முடியாது."

எழுதினான். எட்டிப் பார்த்தேன். 'கழிப்பறை செல்வதில் சிறிது சிரமம்' என்று இருந்தது.

"சிறிது எங்கேருந்து வந்துச்சு?"

"ஒரு நாகரிகத்துக்கு..."

"அதை அடிச்சுடு. முடியாதுன்னு எழுது. ஏழு அஞ்சு. படுக்கையிலேயே போயிடும்."

'அசௌகரியம்' என்று ஆரம்பித்தான்.

"அண்ணா, பஸ்ல சீட் கிடைக்கலைன்னா அது அசௌகரியம். நனைஞ்சு போச்சுன்னு எழுது. ஒன்பதரை வரைக்கும் ஈரத்துல கிடப்பேன்னு எழுது. முதுகுக்குக் கீழ புண்ணு, எட்டணா காசு அகலம்."

நிறுத்தினான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அடித்துவிட்டுத் திரும்ப எழுதினான், நான் சொன்னதைச் சொன்னபடி. பொத்தானையும் சேர்த்தேன்: அன்று இரண்டு வேளை மாத்திரையை ஒன்றாகப் போட்டேன், ஒரு பொத்தான் போட்டேன், இரண்டு நாள் கை வீங்கியது. அடுத்த பக்கத்தைத் திருப்பினான். 'குடும்ப உதவி. உறவினர் தன் கைப்பட நிரப்பவும். வாரத்துக்கு எத்தனை நாள்?' அவன் பேனா அந்த இடத்துக்கு மேலே ரொம்ப நேரம் நின்றது. இதை நான் சொல்லிக் கொடுக்க முடியாது. அது அவன் பக்கம்.

இல்லை என்று எழுதினான். பக்கத்தில், முன்பு நான் சொன்னது உண்மையல்ல என்றும் எழுதினான். யாரும் கேட்காமலே எழுதினான். கையெழுத்துப் போட்டான்.

பேனாவை மூடிவிட்டு, என்னைப் பார்க்காமல், "இனிமே சனி, ஞாயிறு நான் வரேன் பாப்பா" என்றான். "எங்க பிடிச்சுத் தூக்கணும்னு அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுக் கத்துக்கறேன். இன்னிக்கு மாதிரி கத்த விட மாட்டேன்."

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். சனிக்கிழமை காலையில் கதவு திறக்கிற சத்தம்கூட ஒரு கணம் மனதுக்குள் கேட்டுவிட்டது. அப்புறம் மேசையில் இருந்த காகிதம் கண்ணில் பட்டது.

"வராதே" என்றேன்.

"ஏன்? இன்னும் கோவமா?"

"கோவம் கிடக்கு. நீ வாராவாரம் வந்தா இப்ப எழுதினது பொய்யாயிடும். பக்கத்து வீட்டுல விசாரிப்பாங்க. நீ வர்ற நாளுக்கு என் நாளை வெட்டுவாங்க. நீ மூணு மாசத்துல நின்னுடுவ. வெட்டினது திரும்ப வராது."

"நிக்க மாட்டேன்."

நான் அவனையே பார்த்தேன். அதை அவன் இரண்டாம் தடவை சொல்லவில்லை.

"அப்ப வரவே கூடாதா?"

"எப்பவும் போல வா" என்றேன்.

தலையை ஆட்டினான். படிவத்தை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினான், அன்றைக்கே தபாலில் சேர்த்தும்விட்டான். ஐந்து வாரம் கழித்து ஐந்து நாளும் திரும்பி வந்தன. நாற்பது மறுபடி ஓடி வந்து ஓடிப் போகிறாள். புண் ஆறிவிட்டது. முதல் இரண்டு மூன்று சனிக்கிழமை மட்டும், அவன் என்னை மீறிக்கொண்டு வந்து நின்றுவிடுவான், நாலு வார்த்தை நன்றாகத் திட்டி உள்ளே விட வேண்டும் என்று, வாசல் பக்கம் காதை வைத்துக்கொண்டு கிடந்தேன். வரவில்லை. நான் சொன்ன பேச்சை என் அண்ணன் கேட்டது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான்.